1.8-க்காகக் காத்திருந்தது

ஆகஸ்ட் 30

ஒருவழியாகத் தளம் போட்டாயிற்று. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் 1970-களில் கட்டிய வீடு, தரைத்தளம் முழுக்க உடைத்தெடுத்து, காப்புப் பலகை பரப்பி, அதன்மேல் வெந்நீர்க் குழாய்களைச் சுருளாக ஓட்டி, மேலே ஆறரை சென்டிமீட்டர் சிமெண்ட் கலவை. இங்கே எஸ்ட்ரிஹ் என்பார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "தரையைச் சூடாக்கக் காசு கொடுக்குறியா? இங்க சித்திரையில தண்ணி தெளிச்சுத்தான படுக்குறோம்" என்றார்.

செப்டம்பர் 20

21 நாள் முடிந்தது, அதற்கு முன் சூடாக்கக் கூடாது. இன்று முதல் மூன்று நாள் குழாயில் 25 டிகிரி தண்ணீர், பிறகு நான்கு நாள் அதிகபட்ச வெப்பம். எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், பின்னால் தளம் வெடித்தால் முதலில் அந்தத் தாளைத்தான் கேட்பார்களாம். கான்கிரீட் போட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிற ஊரிலிருந்து வந்தவன் நான். இங்கே வெந்நீரை ஓடவிட்டுத் தளத்தில் இருக்கும் தண்ணீரை விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 3

தளத்தின்மேல் பதிக்கும் பலகைக்கு மரம் எது என்று வீட்டில் சண்டை. மனைவிக்கு பீச் (beech, பழ மரமல்ல) மரத்தின் வெளிர் நிறம் பிடித்துவிட்டது. பீச் ஈரத்துக்கு உடனே உப்பும், காய்ந்தால் சுருங்கும், அடியில் வெந்நீர் ஓடும் தரைக்கு ஓக்தான் சரி என்று பலகை பதிக்கும் பெரியவர் சொன்ன பிறகு ஓக். 14 மில்லிமீட்டர் அடுக்குப் பலகை, மேல் அடுக்கு மட்டும் நல்ல ஓக். இதைவிடத் தடிமனாகப் போனால் சூடு மேலே வருவதற்குள் சலித்துவிடும். மிதக்கவிடாமல் தளத்தோடு ஒட்டிவிடுவது என்றும் முடிவாயிற்று, இடையில் காற்று நின்றால் அதுவே கம்பளி மாதிரி.

அக்டோபர் 14

பெரியவர் ஈரம் அளக்க வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: குழாய் இல்லாத இடம் எங்கே குறித்திருக்கிறது? எங்கேயும் இல்லை! தளம் போட்டவர்கள் அடையாளம் வைக்கவே இல்லை, நானும் குழாய்களைப் படம் எடுத்து வைக்கவில்லை (இதை மட்டும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்). கண்ணை மூடிக்கொண்டு உளியை வைத்தால் குழாய் போகும். ஹீட்டிங்கைக் கூட்டிவிட்டு, வெப்பக் கேமராவில் சிவப்புக் கோடுகளைப் பார்த்து, நடுவில் ஒரு இடம் பிடித்து அடிவரை கொத்தினார். அந்தத் துண்டுகளைப் பொடித்து, எடை போட்டு, இரும்புக் குண்டுகளோடும் கால்சியம் கார்பைடு குப்பியோடும் ஒரு எஃகு பாட்டிலில் அடைத்துக் குலுக்கினார். உள்ளே குப்பி உடைந்து, கார்பைடு ஈரத்தோடு சேர்ந்து அசிட்டிலின் வாயு கிளம்பும், மூடியில் இருக்கும் மானி அழுத்தத்தைக் காட்டும். ஊர்ச் சந்தையில் மாம்பழத்தைப் பழுக்க வைக்கிற அதே கல்!

மானியைப் பார்த்து 2.6 என்றார். சூடாகும் சிமெண்ட் தளத்துக்கு 1.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மேலே கை வைத்துப் பார்த்தேன், எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. "மேலே காயும், அடியில் இருப்பது மரம் போட்ட பிறகுதான் ஏறும்" என்றார். வாடகை வீட்டை மாத முடிவில் காலி செய்வதாகச் சொல்லியிருந்தேன், அதைச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தேன். பாட்டிலைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 28

2.1. வீட்டு உரிமையாளரிடம் இன்னொரு மாதம் கேட்டு வாங்கினேன்.

நவம்பர் 9

1.7! அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், பரீட்சை மார்க் என்று நினைத்துக்கொண்டார்.

நவம்பர் 17

மூன்று நாளில் முடிந்தது. ஹீட்டிங்கைக் குறைத்து வைத்து, பல்கரண்டியால் பசையை வரிவரியாக இழுத்து, பலகையை வைத்து அழுத்திக்கொண்டே போனார்கள். காய்ந்த பிறகும் கொஞ்சம் இழுபடும் பசை இது. சுவரோரம் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி, மரம் நகர்வதற்கு. அதை ஓரப்பட்டி மூடிவிடும். பசை இறுகும்வரை சூட்டைக் கூட்டக் கூடாதாம், சரி, சாக்ஸோடு நடக்கிறோம்.

ஜனவரி 12

வெளியே மைனஸ் எட்டு. தரை 25 டிகிரி, 29-ஐத் தாண்டவிடாதே என்று பெரியவர் சொன்னது நினைவிருக்கிறது. மகள் தரையிலேயே படுத்துத்தான் படிக்கிறாள். ஜன்னல் பக்கம் இரண்டு பலகைகளுக்கு நடுவே முடி நுழைகிற அளவு கோடு தெரிகிறது. அறைக் காற்றின் ஈரப்பதம் 33 சதவீதம் என்று ஈரமானி காட்டுகிறது, மரத்துக்கு 45-ஆவது வேண்டும். இத்தனை மாதம் ஈரத்தை விரட்டிவிட்டு, இப்போது துவைத்த துணியைப் புதுக் கூடத்தில் கொடி கட்டிக் காயப்போடுகிறேன்.