ஜெயிச்சா 14, தோத்தா 24: ராங்க் கணக்கு என்னன்னா

அண்ணா நகர் பக்கம் எந்த கேமிங் சென்டர்ல போய் உக்காந்தாலும் ஒரே பொலம்பல்தான், "மாப்ள ஜெயிச்சா 14 பாயிண்ட் தாராய்ங்க, தோத்தா 24 புடுங்குறாய்ங்க, வேணும்னே பண்றாய்ங்கடா". வேலரண்ட்னு அந்த ஆன்லைன் துப்பாக்கி கேம் ஆடுற பயலுக முக்கால்வாசிப் பேரு இத சொல்லிருப்பாய்ங்க. ஆனா அதுல சதி ஒண்ணும் இல்ல.

நம்ம கண்ணுக்குத் தெரியுற கோல்டு, பிளாட்டினம் ராங்க் எல்லாம் பஸ்ஸு முன்னாடி மாட்டுற போர்டு மாதிரி. வண்டி நெசமா எங்க நிக்குதுன்னு சொல்றது எம்எம்ஆர்னு உள்ள மறைஞ்சிருக்க நம்பரு, மேட்ச் போடுறதே அத வச்சுத்தான். போர்டு கோல்டு 3, ஆனா எம்எம்ஆர் அதுக்குக் கீழ கோல்டு 1லதான்னா, சிஸ்டம் ரெண்டையும் ஒண்ணாக்கப் பாக்கும், அதான் ஜெயிக்கும்போது கம்மி, தோக்கும்போது ஜாஸ்தி. எம்எம்ஆர் மேல இருந்தா அப்டியே உல்டா, அப்ப மட்டும் எவனும் வாயத் தொறக்க மாட்டான்.

இதோட மூலம் செஸ்ஸு. அர்பாட் ஈலோன்னு ஒரு ஃபிசிக்ஸ் புரொஃபசர் போட்ட கணக்கு, 1970ல உலக செஸ் கூட்டமைப்பு ஃபிடேவே எடுத்துக்கிச்சு. எதிராளிய விட நீ 400 பாயிண்ட் மேலன்னா, நீதான் ஜெயிப்பன்னு 91 சதவீதம் எதிர்பாக்குது. ஒரு கேமுக்கு உச்சம் 20 பாயிண்ட்னு வச்சுக்க, ஜெயிச்சா ரெண்டு கூட முழுசா வராது, தோத்தா 18 போயிரும். எதிர்பாத்தது நடந்தா சில்லறை, நடக்கலன்னா பெரிய வெட்டு, அம்புட்டுதான்.

செஸ்ல ஒத்தைக்கு ஒத்தை, இங்க அஞ்சு பேரு, அதுல ஒருத்தன் கரண்ட் போய் பாதில காணாமப் போயிருப்பான். டீம் கேமுக்குன்னு மைக்ரோசாஃப்ட் ட்ரூஸ்கில்னு ஒண்ணு கொண்டு வந்தாய்ங்க, ஹேலோ 3ங்கிற கேம்ல இருந்துச்சு. அதுல ஒரு ஆளுக்கு ரெண்டு நம்பரு: நீ எவ்ளோ நல்லா ஆடுவ, அது எவ்ளோ உறுதியாத் தெரியும். ஆரம்பத்துல 25, சந்தேகம் 8.33. ஆட ஆட சந்தேகம் கொறையும், கொறையக் கொறைய ஒரு மேட்ச்சால நம்பரு பெருசா அசையாது.

வேலரண்ட் ஃபார்முலாவ அந்த கேம் கம்பெனி ரயட் முழுசா வெளிய விடல, ஆனா புது ஐடி போட்டா சடசடன்னு ஏறுதேன்னு பயலுக சொல்றதுக்குக் காரணம் இந்த மாதிரி விஷயந்தான், உன்னப் பத்தி அதுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நாள்ல தெரிஞ்சுக்கும், அப்புறம் அந்த ஐடிக்கும் 14தான்.