ஜிஎம்சி மோட்டார்ஹோம்: இந்தக் கோடையில் கழற்றியதும் மாட்டியதும்

என்னிடம் இருப்பது 1976 மாடல் ஜிஎம்சி மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிக்கொண்டு ஊர் சுற்றும் வீட்டு வண்டி, 26 அடி நீளம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்குச் செலவழிக்கிறதுக்குப் புதுசே வாங்கியிருக்கலாமே?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் ஒரு அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்கிறேன். பாதிப் பேருக்குப் புரிந்துவிடுகிறது. மீதிப் பேர் சட்டையைத் தட்டிக்கொண்டு காபி கேட்கிறார்கள்.

வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. ஜெனரல் மோட்டார்ஸ் இதை 1972-ல் வாஷிங்டன் பக்கம் டல்லஸ் விமான நிலையத்தில் நடந்த டிரான்ஸ்போ கண்காட்சியில் காட்டியது. விற்பனைக்கு வந்தது 1973 மாடலாக. அதே ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. காலனுக்கு எட்டு, ஒன்பது மைல் போகும் வண்டிக்கு அதைவிட மோசமான முகூர்த்தம் யாரும் குறித்துக் கொடுத்திருக்க முடியாது. அப்படியும் 1978 மாடல் வரை தாக்குப்பிடித்தது. மொத்தம் 13,000-க்குக் கொஞ்சம் குறைவான வண்டிகள். அதில் கணிசமானவை இன்னும் ஓடுகின்றன என்பதுதான் விஷயமே.

ஏன் ஓடுகின்றன? கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சேசிஸ் ஒரு கம்பெனி, மேலே பாடி இன்னொருவர். அமெரிக்க மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவையும் இந்த ஏற்பாடுதான். ஆனால் பல வண்டிகளில் லாரி சேசிஸ் மேல் மரச்சட்டம் அடித்து, மெல்லிய தகடு ஒட்டி, ஸ்டேப்பிள் அடித்து முடித்துவிடுவார்கள். கூரை மூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினால் போதும், சில வருடத்தில் சட்டம் இற்று, சுவர் உப்பிக்கொண்டு நிற்கும். ஜிஎம்சியில் சேசிஸும் பாடியும் ஒரே கம்பெனியின் வேலை. அலுமினியச் சட்டகம், மேல்பாதி அலுமினியத் தகடு, கீழ்ப்பாதி ஃபைபர்கிளாஸ், நடுவில் பீய்ச்சி அடித்த ஃபோம். சுவரில் இற்றுப்போக மரமே கிடையாது. தரை மட்டும் பிளைவுட். ஆகவே வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், கதவு நிலைக்கு உள்பக்கமும் ஷவருக்கு அடியிலும் குத்தூசியால் தரையைக் குத்திப் பாருங்கள். பெயின்ட் அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் – பெட்ரோல் ஹோஸ்கள்

குளிர் விட்டதும் முதல் வேலையாக இதை எடுத்தேன். போன வருடமே மேட்டில் ஏறும்போது, அதுவும் வெயில் நேரத்தில், என்ஜின் மூச்சு வாங்கியது. கொஞ்சம் ஓரம் கட்டி, ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான வேப்பர் லாக்.

காரணம் இதுதான். பழைய ஏற்பாட்டில் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டி இருக்கிறது. பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து அது உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது பைப்புக்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. ஆவியை அந்த பம்பால் தள்ள முடியாது, கார்புரேட்டர் காய்ந்துவிடும். தீர்வு, டேங்குக்குப் பக்கத்தில் மின்சார பம்ப் ஒன்றை வைத்து அங்கிருந்தே தள்ளிவிடுவது. தள்ளும்போது பைப்பில் அழுத்தம் கூடுகிறது, கொதிநிலையும் கூடுகிறது.

பம்ப் மாட்டுவது அரை நாள் வேலை. ஆனால் அதற்கு முன் ஹோஸ்களைப் பார்க்காமல் அழுத்தத்தைக் கூட்டுவது தற்கொலை. இதில் இரண்டு டேங்க், சேர்த்து 50 காலன். ஹோஸ் எல்லாம் டேங்கின் தலைமேல் போகின்றன. டேங்கை இறக்காமல் கை நுழையாது. பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, பலகை வைத்த ஜாக்கால் தாங்கி, பட்டைகளின் போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒவ்வொரு ஹோஸிலும் காகித டேப் ஒட்டி எண் எழுதிக்கொண்டேன். பெட்ரோல் போகும் குழாய், காற்றுப் போக்கி, நிரப்பும் குழாயின் காற்றுப் போக்கி என்று எல்லாம் ஒரே கறுப்பு ரப்பர், எல்லாம் ஒரே கோணல்.

முதல் டேங்கின் காற்றுப் போக்கி ஹோஸை இரண்டு விரலால் வளைத்ததும் மடிப்பில் வெடிப்பு வாய் திறந்தது. உள்சுவரைத் தொட்டால் பிசுபிசு. எத்தனாலுக்கு முந்தைய காலத்து ரப்பர், இத்தனை நாள் தாங்கியதே பெரிய விஷயம். மாற்றாகப் போட்டது 30ஆர்9 என்று மேலே அச்சிட்ட ஹோஸ். எத்தனாலைத் தாங்கும் வகை. அச்சு இல்லாத ஹோஸை யார் எவ்வளவு உறுதியாகச் சொல்லிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கிளாம்ப்பும் ரப்பரை அறுக்காத, ஓரம் மழுங்கிய வகையாகப் பார்த்து வாங்கினேன்.

மின்சார பம்ப் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நேராக இக்னிஷனில் இணைத்துவிடாதீர்கள். விபத்தில் என்ஜின் நின்றுவிட்டாலும் பம்ப் மட்டும் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆயில் அழுத்தம் போனால் தானே அணையும்படி ஒரு சுவிட்ச் வழியாகக் கொண்டுபோக வேண்டும். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். அதன்பின் கொளுத்தும் மத்தியானத்தில், இரண்டு டேங்கும் நிறைந்த கனத்தோடு மலைச்சாலை ஏறினேன். ஒரு விக்கல் கூட இல்லை.

ஜூன் – பின்பக்கக் காற்றுப்பை

மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வண்டி என்றால் உட்கார்ந்த இடத்தில் இருக்கமாட்டார். டார்ச் அடித்து அடியில் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"பின் ஆக்சில் எங்க மாப்ளே?"

"இல்ல மாமா."

"இல்லைன்னா? யாரு கழட்டினது?"

யாரும் கழற்றவில்லை, பிறவியிலேயே இல்லை. இந்த வண்டி முன்சக்கர டிரைவ். ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ கார் 1966-ல் கொண்டுவந்த ஏற்பாட்டை அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள்: 455 கன அங்குல வி8 என்ஜின், அதன் பக்கவாட்டில் ஒட்டிப் படுத்திருக்கும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக், இரண்டுக்கும் நடுவே அகலமான ஒரு செயின். பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் இல்லை, டிஃபரன்ஷியலும் இல்லை. அதனால்தான் தரை அவ்வளவு தாழ்வு. ஏறுவதற்கு ஏணி தேடவேண்டியதில்லை, உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், வெளியே பார்த்தால் மற்ற மோட்டார்ஹோம்களைவிடக் குள்ளம். பக்கக்காற்று அடிக்கும்போது அந்தக் குள்ளத்தின் அருமை ஸ்டீயரிங்கில் தெரியும்.

பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம், ஒன்றன் பின் ஒன்றாக. ஒரு சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை முன்னோக்கி நீள்கிறது, மற்றதின் கை பின்னோக்கி. இரண்டு கைக்கும் நடுவே கிடைமட்டமாக ஒரு காற்றுப்பை. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் பை அந்தப் பக்கம் விரிகிறது, மேட்டில் ஏறினால் சுருங்குகிறது. சுமை இரண்டுக்கும் பங்காகிவிடுகிறது. நிறுத்திய இடத்தில் காற்றை இறக்கி வாலைத் தாழ்த்திக்கொள்ளலாம், சரிவாக இருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிக்கொள்ளலாம். மாமா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "டிசைன் பண்ணவன் வண்டி ஓட்டத் தெரிஞ்சவன்" என்றார். அவர் வாயிலிருந்து இது பெரிய பாராட்டு.

பிரச்சினை என்னவென்றால், ராத்திரி சமமாக நிற்கும் வண்டி காலையில் இடதுபக்கம் சாய்ந்து நின்றது. பையே போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் சோப்புத் தண்ணீர் வைத்தியம். சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்த பிறகுதான் உள்ளே படுத்தேன். காற்று மட்டுமே தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது, பை வெடித்தாலும் குழாய் பிடுங்கிக்கொண்டாலும் சில நொடியில் மொத்தமும் தரைக்கு வந்துவிடும். பெயின்ட் பிரஷ்ஷால் நுரையைப் பை முழுக்கத் தடவிவிட்டுக் காத்திருந்தோம். பையில் ஒன்றுமில்லை. மாமாதான் மேலே போகும் பிளாஸ்டிக் குழாயின் இணைப்பில் டார்ச் அடித்தார். கடுகு அளவு குமிழி ஒன்று, பெருத்து, உடைந்து, மறுபடி பெருத்தது. குழாயின் நுனி வயதாகி இறுகி, பிடிமானத்தில் நெளிந்திருந்தது. நுனியை நேராக வெட்டி, புது ஃபிட்டிங் மாட்டினோம். இப்போது வாரக்கணக்கில் நிறுத்தினாலும் அசையவில்லை.

காற்றை நிரப்பியதும் பின்பக்க உயரத்தை அளந்து வைப்பது முக்கியம். சேசிஸில் குறிப்பிட்ட துளையிலிருந்து தரை வரை எவ்வளவு இருக்கவேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. பின்னால் உயரம் மாறினால் முன்சக்கர அலைன்மென்ட்டும் மாறும். முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு; அதையும் கூடவே பார்க்கவேண்டும். "ரோட்டில் அலைகிறது" என்று இந்த வண்டியை விற்றுவிட்டுப் போனவர்களில் சிலர் அளவு டேப்பை ஒருமுறை கையில் எடுத்திருந்தால் விற்றிருக்கமாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

ஜூலை – டயர்

இது சுருக்கம். தொழிற்சாலையில் வந்தது 16.5 அங்குலச் சக்கரம். அந்த அளவில் நல்ல டயர் கிடைப்பது இப்போது அரிது, ஆகவே 16 அங்குலச் சக்கரத்துக்கு மாறிவிட்டேன், டயரோடு சேர்த்து. வீல் அப்படியே இருக்கட்டும், டயரை மட்டும் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். 16 டயர் 16.5 ரிம்மில் நுழைந்து தொலையும். காற்றடிக்கும்போது விளிம்பு பிய்த்துக்கொண்டு வெடிக்கும், ஆள் சேதம் நடக்கக்கூடிய விஷயம். இன்னொன்று: டயரின் பட்டனைப் பார்த்து வயதை மதிப்பிடாதீர்கள். பக்கவாட்டில் டிஓடி எழுத்துக்களுக்குப் பின் கடைசி நான்கு இலக்கம்தான் ஜாதகம்; முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மோட்டார்ஹோம் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்றே வெடிப்பு விட்டுச் சாகின்றன.

ஆகஸ்ட் – ஜன்னல், உள்ளே

மழைக்குப் பிறகு டைனிங் மேஜைப் பக்கம் ஈரம். சறுக்கு ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வெளியேறச் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. தூசியும் பழைய சிலிகானும் அடைத்துக்கொண்டிருந்தன. முந்தைய சொந்தக்காரர் ஒழுகலை நிறுத்த வெளியிலிருந்து சிலிகான் பூசியிருக்கிறார், அது வழியை மூடிவிட்டது, தண்ணீர் உள்ளே திரும்பிவிட்டது. மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, ரப்பர் பீடிங்கை மாற்றினேன். தரை பிளைவுட் தப்பித்தது.

உள் அலங்காரத்தில் எனக்கும் என் மனைவிக்கும் நீண்டகால வழக்கு. பழுப்பும் ஆரஞ்சும் கலந்த அந்த எழுபதுகளின் துணியை அவளுக்குப் பார்க்கவே பிடிக்காது. "ஏங்க, இதுல உட்கார்ந்தா வயசானவங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்பாள். நான் துணியைக் காப்பாற்றப் பார்க்கிறேன், அவள் வென்றுகொண்டிருக்கிறாள். ஆனால் அலமாரிகளைத் தொடக்கூடாது என்பதில் இருவருக்கும் உடன்பாடு. உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு வெள்ளைப் பலகையும் எல்இடி பட்டையுமாக மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். முன்கண்ணாடியின் விரிவையும் பக்க ஜன்னல்களின் வரிசையையும் கணக்குப் போட்டுத்தான் அந்த மேஜையை அங்கே வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் ரோடு தெரியும், ஆறு தெரியும். அந்த இடத்தில் டிவிக்குச் சுவர் எழுப்பிய வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு, மறைக்கவில்லை. என்ஜின் மூடி ஓட்டுநர் பகுதியின் தரையிலேயே இருக்கிறது. மழையில் நனையாமல் உள்ளே உட்கார்ந்தே கார்புரேட்டரைப் பார்க்கலாம் என்பது வசதி, கோடையில் அந்த மூடி வழியே சூடும் சத்தமும் மேலே வருவது விலை. பெட்ரோல் செலவைப் பேசவே வேண்டாம். மூன்று கியர்தான் என்பதால் நெடுஞ்சாலையில் வேகம் ஏற ஏற என்ஜின் குரலும் ஏறும். புது வண்டி கொடுக்கிற அமைதி இதில் வராது. ஆனால் டேங்கின் தலைமேல் போகும் ஹோஸ்களை விட்டால், இந்த வருடம் பழுதான எல்லாமே கை எட்டும் இடத்தில், சாதாரண ஸ்பேனரால் கழலும் இடத்தில் இருந்தது. போல்ட்டைத் தொட இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பழுது வரும், யாரோ ஒருவர் வந்து கழற்றுவார் என்று அன்றைக்கே நினைத்துச் செய்தவர்களின் வண்டி இது. விற்கமாட்டேன் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அடுத்தது

முன்னால் டிஸ்க், பின்னால் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். டிஸ்க் பேடுகளைப் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கின்றன. டிரம்களை இந்த முறை திறக்கவில்லை. வீல் சிலிண்டரும் பிரேக் ஷூவும் ஆர்டர் போட்டாயிற்று. வந்ததும் வலதுபக்கப் பின்சக்கரங்கள் இரண்டில் முன்னால் இருப்பதன் டிரம்மில் ஆரம்பிப்பேன். அந்தச் சக்கரத்தின் உள்பக்கத்தில் லேசாக எண்ணெய்க் கறை தெரிகிறது.