புத்துப்பட்டு அய்யனார் காடு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் செல்லும் வழியில், சுமார் 15 கிலோமீட்டர் வடக்கே, கீழ்புத்துப்பட்டு இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தச் சிற்றூர் வெளியூர்களில் அறியப்பட்டிருப்பது மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலால்தான். பொங்கல் வைக்கவும், பிள்ளைகளுக்கு மொட்டையடித்துக் காது குத்தவும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோயிலைச் சூழ்ந்து நிற்கும் காடு, சமைக்கவும் சாப்பிடவும் நிழல் தரும் ஓர் இடம் மட்டுமே. நான் அந்தக் காட்டைப் பார்ப்பதற்காகவே போகிறவன்.

வைகாசிக் கடைசியில் போயிருந்தேன். சாலையின் இருபுறமும் கண்ணுக்கு எட்டியவரை சவுக்குத் தோப்பு, முந்திரித் தோப்பு, வேலி போட்டுக் கல் நட்ட மனைகள். வெயிலில் எல்லாமே வெளுத்துக் கிடக்க, அய்யனார் காடு மட்டும் கரும்பச்சையாகத் தெரிந்தது. முதன்முறை பார்ப்பவர்கள், அங்கே ஊற்றோ குளமோ இருப்பதால்தான் இந்தப் பசுமை என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்தக் காட்டுக்கும் பக்கத்து முந்திரித் தோப்புக்கும் பெய்வது ஒரே மழைதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்த பிறகு மாதக்கணக்கில் வறட்சிதான். இவ்வளவு நீண்ட வறட்சி உள்ள இடங்களில் மரங்கள் இலையுதிர்த்துத் தப்பிப் பிழைப்பதே வழக்கம் என்றிருக்க, சோழமண்டலக் கரையோரத்தில் ஒரு காடு ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கிறது.

இதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். 1968-இல் சாம்பியன், சேத் என்னும் வனவியலாளர்கள் வகுத்த இந்தியக் காடுகளின் 16 பெரும் பிரிவுகளில் இது ஏழாவது பிரிவாகத் தனித்து நிற்கிறது. ஒரு காலத்தில் விசாகப்பட்டினம் தொடங்கி இராமநாதபுரம் வரை கடலையொட்டி ஒடுங்கிய பட்டையாக நீண்டிருந்த இந்தக் காடு, இன்று ஸ்ரீஹரிகோட்டா, கிண்டி, கோடியக்கரை போன்ற சில இடங்களிலும், அவற்றைத் தவிர்த்தால் அய்யனாரும் அம்மனும் காவல் இருக்கும் கோயில் காடுகளிலும்தான் எஞ்சியிருக்கிறது. புலியும் யானையும் இல்லாத காடு என்பதாலோ என்னவோ, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குக் கிடைக்கும் பேச்சில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை. எனக்கு அது நெடுநாள் மனக்குறை.

உள்ளே நுழைந்ததும் முதலில் உணர்வது வெப்பம் குறைவதைத்தான். மரங்கள் உயரமானவை அல்ல. 10, 12 மீட்டரைத் தாண்டுபவை குறைவு. ஆனால் கிளையோடு கிளை பின்னிக்கொண்டு, அவற்றின் மேல் கொடிகளும் படர்ந்துவிடுவதால், உச்சி வெயில்கூடத் துண்டு துண்டாகவே தரைக்கு வருகிறது. இலைகளைத் தொட்டுப் பார்த்தால் இந்தக் காட்டின் வாழ்வுமுறை ஓரளவு விளங்கும். பாலை, வீரை, கருங்காலி, காயா எல்லாவற்றின் இலையும் தடித்து, விறைத்து, மேற்புறம் மெழுகு பூசியதுபோல் பளபளப்பாக இருக்கும். நீரை எளிதில் வெளியே விடாத இலைகள் அவை. அவற்றோடு கடற்காற்றின் ஈரமும், கோடையில் எப்போதாவது பெய்யும் மழையும் சேர்ந்து காட்டைப் பச்சையாகத் தாங்கி நிறுத்துகின்றன.

வீரை மரத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடிமரம் உருண்டையாக இராமல் வரிவரியாக உள்வாங்கி, முண்டும் முடிச்சுமாக, பல மரங்களை ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிட்டாற்போல நிற்கும். பாலை நேராக, கறுத்துப் பிளந்த பட்டையோடு உயரும். அதன் வைரம் பாய்ந்த கட்டையில்தான் முற்காலத்தில் உலக்கை செய்தார்கள். காயா பங்குனி வாக்கில் பூக்கும்போது இலை தெரியாத அளவுக்குக் கிளை முழுவதும் நீலமாகிவிடும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடியதைப் படிப்பதோடு நின்றுவிடாமல், அந்த நிறத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் பருவத்தில் வர வேண்டும். கருங்காலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது கடைதோறும் கருங்காலி மாலை தொங்குகிறது. அந்தக் கறுப்பு, மிக மெதுவாக வளரும் அந்த மரம் நன்றாக முதிர்ந்த பின்பே நடுக்கட்டையில் ஏறுவது என்பதை, மாலை வாங்குகிறவர்கள் ஒரு கருங்காலி மரத்தின் அடியில் நின்று அறிந்துகொண்டால் நல்லது.

பாலை பழுத்திருந்தது. உதிர்ந்து கிடந்த சிறிய மஞ்சள் பழங்களை ஒரு மூதாட்டி பொறுக்கி முந்தானையில் சேர்த்துக்கொண்டிருந்தார். கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அவர் அங்கே வசிப்பவர், வவுனியாப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் பழத்தை உற்றுப் பார்ப்பதைக் கண்டு, "சாப்பிடுங்கோ தம்பி, நல்ல இனிப்பு. ஆனா அளவாத் தின்ன வேணும், பால் உதட்டில ஒட்டும்" என்றார். ஊரில் ஆனி மாதம் பிறந்தால் பாலைப்பழத்துக்காகவே காட்டுக்குள் போவார்களாம். எதிரே நின்ற வீரையைக் காட்டி, "இதுவும் எங்கட காட்டில நிக்கிறதுதான்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. இலங்கையின் வன்னிப் பகுதிக் காட்டின் முதன்மையான மரங்களான பாலை, வீரை, கருங்காலி, முதிரை ஆகிய நான்குமே சோழமண்டலக் கரையிலும் வளர்பவை. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் ஒரே வகைக் காடு, பாக்கு நீரிணையின் இரு பக்கமும் நிற்கிறது. எங்கிருந்தோ பெயர்ந்து வந்த ஒருவருக்கு, வந்த இடத்தில் தன் ஊர் மரமே பழம் உதிர்த்துக் கொண்டிருப்பது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே அவர் தந்த பழங்களைத் தின்றேன்.

இந்தக் காட்டில் நான் அதிக நேரம் செலவிடுவது பெரிய மரங்களின் அடியில் அல்ல. அவற்றுக்கு இடையே முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் மண்டிக் கிடக்கும் புதரின் ஓரத்தில்தான். குருந்தின் இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் எழும். அதில் அழகி வகை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். மோதிரக்கண்ணிக் கொடி மோதிரம் மோதிரமாகச் சுருண்ட கொக்கிகளால் பற்றிக்கொண்டு ஏறுவதையும், மிளகரணையின் முள்ளையும், களாவின் காயையும் அங்கேதான் பார்க்க முடியும். குனிந்து பார்த்தால் தெரிவது இன்னும் முக்கியமானது: அந்தப் புதரில் பாதி, புதரே அல்ல. இரண்டு இலை விட்ட வீரை, விரற்கடை உயரப் பாலை, சாண் உயரக் காயா என்று நாளைய மரங்கள் அங்கே நிழலில் காத்திருக்கின்றன. மேலே ஒரு கிளை முறிந்து வெளிச்சம் விழும் நாள் வரை, அவை அப்படியே நெடுங்காலம் மெதுவாக வளரும்.

கடலூர் மாவட்டத்தில் வேறொரு கோயில் காட்டை இதனால்தான் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. நல்ல எண்ணத்தோடு அங்கே 'காட்டைச் சுத்தம்' செய்தார்கள். கொடிகளை அறுத்து, புதரைக் களைந்து, சருகைக் கூட்டி எரித்து, பெரிய மரங்களை மட்டும் விட்டுவைத்து, அடியில் சிமெண்ட்டுப் பலகைகள் போட்டார்கள். ஒரு மரம்கூட வெட்டப்படவில்லை என்று பெருமையோடு சொன்னார்கள். அது உண்மையும்கூட. ஆனால் சருகு போனதும் மண் காய்ந்து இறுகிவிட்டது. நாவல் போன்ற மரங்களின் விதை காய்ந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும். அதற்கு ஈரச்சருகே தொட்டில். புதர் இல்லாததால் கொண்டைக்குருவிகள் குறைந்தன. இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள பழம் தருபவை, பறவையையும் வௌவாலையும் நம்பி விதை பரப்புபவை. இப்போது அங்கே நிற்பவை எல்லாம் கிழட்டு மரங்கள். வேலியோரம் மட்டும் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் புதிதாக முளைத்திருக்கின்றன. காடு என்பது மரங்களின் எண்ணிக்கை என்று நாம் கொண்டிருக்கும் எண்ணமே, கோடரியைவிட அமைதியாக அந்தக் காட்டை முடித்துக்கொண்டிருக்கிறது.

இழந்ததை மீட்க முடியாதா என்றால், முடியும். ஆனால் அதற்கும் விதை வேண்டும். கீழ்புத்துப்பட்டுக்குத் தெற்கே, 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், மழை அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்த செம்மண் மேட்டில் முதலில் வேகமாக வளரும் அயல் மரங்களை நட்டு மண்ணைப் பிடித்து நிறுத்தினார்கள். பிறகு அவற்றின் நிழலில் இந்த மண்ணுக்கு உரிய மரங்களைக் கொண்டுவந்தார்கள். அந்த நாற்றுகளுக்கு விதை கொடுத்தவை, இந்த வட்டாரத்தில் எஞ்சியிருந்த கோயில் காடுகளும் அவைபோன்ற துண்டுக் காடுகளும்தான். பல பத்தாண்டு உழைப்பில் அங்கே உருவாகியிருப்பதைப் பார்த்துவிட்டு, அதே நாளில் அய்யனார் காட்டுக்கும் வந்தால், நட்டு வளர்த்ததற்கும் தானே வளர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு தரையில் தெரியும். சருகின் கனத்திலும், கொடிகளின் பருமனிலும் அது புலப்படும்.

போக விரும்புகிறவர்களுக்கு: விழா இல்லாத வாரநாளின் காலைப்பொழுது சிறந்தது. மக்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. அவற்றை விட்டு இறங்கினால் மிதிபடுவது நாற்றுகள்தான். அடுப்பு மூட்டுகிறவர்கள் கோயிலுக்கு முன்னாலுள்ள வெட்டவெளியிலேயே மூட்டிக்கொள்ளலாம். நேரம் இருந்தால் இன்னும் வடக்கே சென்று, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியையும் பார்த்துவரலாம். அதற்கு மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. நான் கார்த்திகையில் மறுபடியும் அய்யனார் காட்டுக்குப் போவேன். இந்த வைகாசியில் பாதையோரம் பார்த்து வைத்த வீரை நாற்றுகளில் எவையெல்லாம் கோடையைத் தாண்டி வந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.