நாம் மா ரூ யாங்?

2011 அக்டோபர் 14, வெள்ளி

நேற்று ராத்திரி பாங்காக்கில் பாதிப் பேர் தூங்கியிருக்க மாட்டார்கள். வடக்கே வெள்ளத்தை ஒரு மதகு தாங்கவில்லை, ரங்சித், டான் முவாங், சாய் மாய் பக்கம் இருப்பவர்கள் சாமான்களை மேலே ஏற்றுங்கள் என்று ஓர் அமைச்சர் டிவியில் சொன்னார். கொஞ்ச நேரத்தில், அப்படி ஒன்றும் இல்லை, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று திருத்தினார்கள். எனக்கு முதல் அறிவிப்பும் புரியவில்லை, திருத்தமும் புரியவில்லை. ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன். எனக்குத் தெரிந்த தாய்லாந்து மொழி டாக்ஸிக்கு வழி சொல்லவும் நூடுல்ஸில் மீன் சாஸ் வேண்டாம் என்று சொல்லவும்தான் போதும்.

வீட்டுக்காரம்மாதான் மாடிக்கு வந்து கையைக் காலை ஆட்டி விளக்கினார். கீழே நூடுல்ஸ் கடை, நடு மாடியில் அவர், மேல் மாடியில் நாங்கள். அவரை 'பா' என்று அழைக்கிறோம். தாய்லாந்து மொழியில் பெரியம்மா என்று அர்த்தம்.

இரண்டு நாளாகத் தெருவில் வணக்கத்துக்குப் பதிலாக எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "நாம் மா ரூ யாங்?" தண்ணீர் வந்தாச்சா இன்னும் இல்லையா. 'நாம்' என்றால் தண்ணீர். தமிழ்க் காதுக்கு ஒவ்வொரு முறையும் நம்மைப் பற்றித்தான் ஏதோ கேட்கிறார்கள் போலத் தோன்றுகிறது.

அக்டோபர் 19, புதன்

அயுத்தயாவில் ரோஜனா தொழிற்பேட்டை முழுகி பத்து நாள் ஆகிறது. நேற்று முன்தினம் நவ நகோனும் போய்விட்டது. இது ஆறாவது. எங்கள் நிறுவனம் கார் உதிரிபாகங்களை வாங்கி விற்பது. விற்க வேண்டிய பாகங்கள் தண்ணீருக்கடியில், வாங்க வேண்டிய ஆலைகளும் தண்ணீருக்கடியில். வேலை இல்லாததால் அலுவலகத்தில் எல்லோரும் வரைபடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மத்தியானம் சித்தப்பா போன். "டிக்கெட்டுப் பணம் திரும்பி வராதாம். நானும் உன் சித்தியும் வரலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லு."

ஒரே வார்த்தையில் எப்படிச் சொல்வது? சுவர்ணபூமி விமான நிலையத்தைச் சுற்றி உயரமாகக் கரை கட்டியிருக்கிறார்கள், அது தப்பிவிடும். நகரத்தின் நடுப்பகுதி இதுவரை காய்ந்துதான் கிடக்கிறது. அயுத்தயாவை மறந்துவிட வேண்டியதுதான். இதையெல்லாம் பத்து நிமிஷம் விளக்கினேன். "அப்போ வரலாம்ங்கிற" என்றார். வைத்துவிட்டார்.

அக்டோபர் 22, சனி

வீட்டில் இப்போது ஆறு பேர். நாங்கள் மூன்று, நேற்று வந்திறங்கிய சித்தப்பாவும் சித்தியும், அப்புறம் தம்பி. தம்பி யாழ்ப்பாணத்துக்காரர், ரங்சித் தாண்டி இருக்கும் ஆசிய தொழில்நுட்பக் கழகத்தில் படிக்கிறார். வளாகத்துக்குள் தண்ணீர் புகுந்து ராணுவ லாரியில் ஏறி வந்திருக்கிறார், மடிக்கணினியைக் குப்பைப் பையில் சுற்றிக்கொண்டு. படிப்பு என்ன தெரியுமா? நீர்வளப் பொறியியல். சித்தப்பா சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டாள்.

ஆனால் இத்தனை நாளில் விஷயத்தை உருப்படியாக விளக்கிய முதல் ஆள் அவர்தான். ஜூலைக் கடைசியில் நாக்-டென் புயலில் தொடங்கிய மழை நிற்கவே இல்லை. பூமிபோல், சிரிகிட் என்ற இரண்டு பெரிய அணைகளும் இந்த மாதம் நிரம்பிவிட்டன, திறந்தே ஆகவேண்டும். நிலமோ தட்டைப்பலகை. பாங்காக் கடல்மட்டத்திலிருந்து ஓர் ஆள் உயரம்கூட இல்லை. கீழே வளைகுடாவில் ஓதம் ஏறினால் சாவ் பிரயா ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இறங்காது.

"பயப்பிடாதேங்கோ அக்கா. இது சுனாமி மாதிரி ஓடி வாற தண்ணி இல்லை. நடந்து வாற தண்ணி" என்றார் என் மனைவியிடம்.

அவள் அதற்கு அப்புறம்தான் அதிகம் பயந்தாள். ஓடி வந்தால் ஒரு நாளில் தெரிந்துவிடும். இது மூன்று வாரமாக நடந்து வந்துகொண்டிருக்கிறது.

குழாயில் தண்ணீர் லேசாக மஞ்சள். வாடையும் இருக்கிறது. கடைகளில் தண்ணீர் பாட்டில் இல்லை, முட்டை இல்லை, ரெடி நூடுல்ஸ் அடுக்கு வெறும் தகரம். பெரிய அண்டா, வாளி, குழந்தையின் குளியல் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தோம். சித்திக்கு இது கைவந்த கலை. லாரித் தண்ணீர் பிடித்த தலைமுறை.

அக்டோபர் 26, புதன். தீபாவளி

விடிவதற்கு முன் ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீரில் கங்கா ஸ்நானம். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. "நாடே தண்ணியில மிதக்குது, குளிக்கத் தண்ணி இல்லையா" என்று சித்தப்பா. பதில் சொல்லும் தெம்பு எனக்கில்லை.

சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. ஊர்க்காரர்கள் அதை 'வாட் கேக்' என்பார்கள். கேக் என்றால் விருந்தாளி. இந்தியர்களையும் அதே சொல்லால்தான் குறிப்பிடுவார்கள். வாசலில் மணல் மூட்டை அடுக்கு, அதன் மேலேயே சாமந்தி மாலை விற்கும் பெண் கடை விரித்திருந்தாள். உள்ளே நம் ஆட்கள் பேச்சும் வெள்ளம்தான். யார் மனைவி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், யாருக்கு நிறுவனம் பட்டாயாவில் அறை போட்டுக் கொடுத்திருக்கிறது, எந்த விமானத்தில் இன்னும் இடம் இருக்கிறது. என் பாஸ்போர்ட்டும் மூன்று நாளாகச் சட்டைப் பையில்தான் இருக்கிறது, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில்.

நேற்று டான் முவாங் விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள். வெள்ள நிவாரண மையமே அங்கேதான் இயங்குகிறது. அரசு ஒன்று சொல்கிறது, பாங்காக் ஆளுநர் என் பேச்சை மட்டும் கேளுங்கள் என்கிறார். நாங்கள் பா பேச்சைக் கேட்கிறோம்.

அக்டோபர் 27, வியாழன்

இன்றிலிருந்து 31 வரை ஐந்து நாள் அரசு விடுமுறை. நேரடியாகச் சொல்லாவிட்டாலும் முடிந்தவர்கள் கிளம்புங்கள் என்று பொருள். எக்கமாய் பஸ் நிலையத்தில் வரிசை தெரு வரைக்கும். சித்தப்பா மூன்று மாதத்துக்கு முன்பே சகாய விலையில் பட்டாயாவில் அறை போட்டு வைத்திருந்தார். இப்போது அங்கேயும் ஹுவா ஹின்னிலும் அறைக்கு அடிதடி. மனுஷன் தீர்க்கதரிசி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினார். என் மனைவியையும் குழந்தையையும் கூடவே அனுப்பிவைத்தேன்.

பா கடையில் வேலை செய்யும் பர்மாப் பையனிடம், நீ எங்கேயும் போகலையா என்று கேட்டேன். தலையாட்டினான். அவனுடைய அனுமதி அட்டை பாங்காக்குக்கு மட்டும்தானாம். மாகாண எல்லை தாண்டிப் பிடிபட்டால் போச்சு. அவனும் வெளிநாட்டவன், நானும் வெளிநாட்டவன். சாயங்காலம் அவனும் தம்பியும் நானும் சேர்ந்து கடையின் ஃப்ரிட்ஜை மேசை மேல் ஏற்றினோம். அப்புறம் வாசலில் சிமெண்ட் கல் வைத்து முழங்கால் உயரத்துக்குச் சுவர். பூசுவதற்கு நான் உதவியதாகச் சொல்லிக்கொள்ளலாம். இடுக்குகளில் சிலிகான் பசையை விரலால் தேய்த்து அடைத்தது அவன்தான்.

அக்டோபர் 30, ஞாயிறு

ஓதம் உச்சம். ஆற்றங்கரைத் தடுப்புச் சுவர் 2.5 மீட்டர், ஆறு அதைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. படகுச் சேவை நின்று சில நாள் ஆகிறது.

பட்டாயாவிலிருந்து நேற்றே திரும்பிவிட்ட சித்தப்பா, விமானம் ஏறுவதற்குள் அரண்மனையைப் பார்த்தே தீருவேன் என்றார். போனோம். தா சாங் படகுத்துறைப் பக்கம் சாக்கடை மூடி வழியாக ஆறு தெருவுக்கு வந்திருந்தது, கணுக்காலுக்கு மேல். இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள் முதுகுப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் படம் எடுத்தார்கள். பிரிட்டன் தன் ஆட்களை அவசியம் இல்லாமல் பாங்காக் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது, இவர்கள் காதில் அது விழவில்லை போலிருக்கிறது. சித்தப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் போனை நீட்டினார். எடுத்தேன். படத்தில் அவருக்குப் பின்னால் ஒரு கிழவி தன் கடையிலிருந்து தண்ணீரை முறத்தால் வாரிக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் அதைப் பார்க்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

ராத்திரி விமானம் நேரத்துக்குக் கிளம்பியது.

நவம்பர் 2, புதன்

நீலத் திமிங்கலங்களை வைத்து வெள்ளத்தை விளக்கும் அனிமேஷன் ஒன்றைத் தம்பி காட்டினார். வடக்கே தேங்கியிருக்கும் தண்ணீர் 5 கோடித் திமிங்கலங்களுக்குச் சமமாம். அவை மெதுவாகத்தான் வரும், கடலுக்குப் போக வழி வேண்டும், அவ்வளவுதான். தாய்லாந்து மொழி தெரியாமலே முக்கால்வாசி புரிந்தது. தொலைபேசியில் மகளுக்கும் அதையே சொன்னேன். திமிங்கலம் எப்போ நம்ம வீட்டுக்கு வரும் என்று கேட்கிறாள்.

நவம்பர் 6, ஞாயிறு

லாட் ப்ராவ் சந்திப்புக்கு வந்துவிட்டது. எங்கள் சபான் குவாய்க்கும் அதற்கும் நடுவே இரண்டு ரயில் நிறுத்த தூரம்தான். தம்பியும் நானும் பார்க்கப் போனோம். எல்லோரும் போகிறார்கள். கறுப்புத் தண்ணீர், அலையே இல்லை. மேலே மெத்தை ஒன்று, ஒற்றைச் செருப்புகள். சுரங்க ரயில் நிலையத்துக்குள் இறங்கும் முன் சில படிகள் ஏறவேண்டும். ஆறு வருடமாக ஏன் இந்த வீண் ஏற்றம் என்று அலுத்துக்கொண்ட படிகள். இன்றுதான் காரணம் தெரிந்தது. கீழே ரயில் வழக்கம்போல ஓடுகிறது.

எங்கள் சோயில், அதாவது சந்தில், சாக்கடை மூடிகள் குமிழி விடுகின்றன. கடைச் சுவரின் வெளிப்பக்கம் ஒரு விரற்கடை ஈரம். அவ்வளவுதான்.

ராத்திரி அலுவலக அக்கா பேசினார். மூத்தவர்களை இங்கே 'பீ' என்று அழைக்கவேண்டும், தமிழ் நாக்கு ஒத்துழைக்காததால் நான் அவரை அக்கா என்றே அழைத்துப் பழக்கிவிட்டேன். அவர் வீடு டான் முவாங்கில். கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், மாடியில் இருக்கிறார், அம்மாவால் படகில் ஏற முடியாது. நகரத்தைக் காக்க ஒவ்வொன்றும் 2.5 டன் எடையுள்ள ராட்சத மணல் மூட்டைகளை வரிசையாக இறக்கியிருக்கிறார்களே, அவர் வீடு அதற்கு அந்தப் பக்கம். மூட்டை வந்த பிறகு தண்ணீர் இன்னும் ஒரு படி ஏறியதாம். பக்கத்துத் தெருக்காரர்கள் அதைப் பிரித்துப்போடப் போகிறார்களாம்.

"உங்க பக்கம் நாம் மா ரூ யாங்?" என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்றேன். "நல்லது, நல்லது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

நவம்பர் 10, வியாழன்

லோய் க்ரதோங். வாழைத்தண்டுத் தட்டில் பூவும் மெழுகுவத்தியும் வைத்து ஆற்றில் விட்டு, உன்னை அசுத்தப்படுத்தியதற்கு மன்னித்துக்கொள் என்று 'மே கொங்கா'விடம் கேட்கும் நாள். கொங்கா நம் கங்கைதான். பா ஆற்றுப் பக்கம் போகவில்லை. நாங்கள் பிடித்து வைத்த அண்டாவைக் கேட்டு வாங்கி, கடை நடுவே வைத்து அதில் விட்டார். பர்மாப் பையனுக்கும் ஒன்று செய்து கொடுத்தார். மன்னிப்பு யார் யாரிடம் கேட்கவேண்டும் என்று தம்பி முணுமுணுத்தது பாவுக்குப் புரியவில்லை.

டிசம்பர் 7, புதன்

மனைவியும் மகளும் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. தம்பி வளாகத்தைச் சுத்தம் செய்யப் போயிருக்கிறார். வாசல் சுவரை உடைத்த பா, கடைசி வரிசைக் கல்லை மட்டும் விட்டுவைத்துவிட்டார். தினமும் தாண்டித்தான் போகிறோம்.

அக்கா இன்று வேலைக்கு வந்தார். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், ஊதா மருந்து தடவி ரப்பர் செருப்போடு வந்திருந்தார். வீட்டுச் சுவரில் கறை எந்த உயரம் என்று தன் மார்பில் கை வைத்துக் காட்டினார். நூறு தடவை சொல்லியிருப்பார் போல, குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"உங்க வீட்டுல எவ்வளவு?"

லிஃப்டில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"கொஞ்சம்" என்றேன்.