ரதி வேசம்

பிப்ரவரி 23, 2025, ஞாயிறு
கோத்தகிரியிலிருந்து அப்பா போன். "காமன் கூத்துக்கு ரதி இல்லடா. கட்டுனவன் திருப்பூர்ல பனியன் வேலைக்குப் போயிட்டான். நீ வந்து கட்டு." நானும் அதே திருப்பூரில் பனியன் கம்பெனியில்தான் இருக்கிறேன் என்பது அவருக்கு அப்போது ஞாபகமில்லை. (காமன் கூத்து, சிவன் எரித்த மன்மதனின் கதை. அவனை மதன் என்றும் சொல்வோம், ரதி அவன் மனைவி.)

மார்ச் 2, ஞாயிறு
மூன்றாம் பிறை. கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் புரி சேர்த்துக் கம்பம் நட்டாச்சு. ராத்திரி லயத்து வாசலில், அப்பா தப்புப் பறை அடிக்க, ஆடிப் பழக்கம். (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. இங்கே எல்லாரும் 'லைன் வீடு' என்பார்கள். அப்பாவுக்கு இன்னும் லயம்தான், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் பெரட்டுக்களம்தான்.)
"தப்பு விழுந்த பெறகு காலை வை. முந்தாத."
முந்தினேன். தப்புக் குச்சியாலேயே முழங்காலில் ஒன்று விழுந்தது. அறுபத்தைந்து வயதில் அவர் ஆடிக் காட்டியபோது இடுப்பு மட்டும் அசைந்தது, தோள் அசையவேயில்லை.

மார்ச் 8, சனி
எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தாத்தாவிடம். தாத்தா பிறந்ததே அங்கேதான். 1948 சட்டத்தில் குடியுரிமை போனது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கானது. 1974இல், 14 வயதில், அப்பா தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறினார். பிறகு மண்டபம் முகாம், பிறகு இந்தத் தேயிலை.
அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். பூட்டன் கிளம்பிய துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தைத் தேடி ஒருமுறை போனார்களாம். தண்ணீர் கொடுத்தார்கள், அடையாளம் தெரியவில்லை. கூத்து மட்டும் பூட்டனோடு கடல் தாண்டிப் போய், அப்பாவோடு திரும்பி வந்திருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி
தூங்கவில்லை. அம்மா ஒன்பது ஊக்கு குத்திக் கட்டிவிட்ட சேலை, சவுரி, சலங்கை. முதல் சுற்றில் முந்தினேன். அப்புறம் தப்பு என்னை இழுத்துக்கொண்டது.
பாட்டில் ஊர்ப்பேர் வரும் இடத்தில் அப்பா கோத்தகிரி என்று சொல்லவில்லை. பழைய தோட்டத்தின் பேரைச் சொன்னார். சிலோனைப் பார்த்தேயிராத பொடியன்கள் அதே பேரைத் திருப்பிக் கத்தினார்கள். விடியற்காலம் மதன் எரிந்தான். அழ வேண்டிய இடம். நடிக்கத் தேவைப்படவில்லை, புகையும் கொஞ்சம் உதவியது.
மூன்றாம் நாள் மதனை எழுப்ப வேண்டும், ரதி இல்லாமல் முடியாது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.
"ஊர்ல இன்னும் என்னப்பா விசேஷம்?"
"செத்தவரை எழுப்பணும் சார்."
திங்கள் வரை லீவு கிடைத்தது.