விரல் நுனியில் ஓர் எண்

பிப்ரவரி 3
அப்பா விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்த ரத்த ஆக்சிஜன் அளவு: காலை 90%. இரவு 89%.

பிப்ரவரி 4
அப்பாவைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. ஸ்டூலில் உட்கார வைத்து, கொஞ்சம் ஊற்றி, நிறுத்தி, மூச்சு வாங்க விட்டு, மறுபடி ஊற்றி. ஆக்சிஜன் குழாய் மூக்கிலேயே இருந்தது. குளிப்பதைவிடத் துவட்டுவதுதான் அவருக்குக் கஷ்டம், கையைத் தூக்கினாலே இரைக்கிறது. இனி துவட்ட வேண்டாம். பெரிய துண்டாகப் போர்த்தி அப்படியே உட்கார விடலாம்.

பிப்ரவரி 6
அண்ணன் போனில், "ஆக்சிஜன் லிட்டரைக் கூட்டி வை, 95 வரட்டும்" என்கிறான். எத்தனை முறை சொல்வது! சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய், முற்றிய அப்பாவுக்கு 88 முதல் 92 வரை போதும் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் ஏற்றினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கலாம். முதலில் தலைவலி, பிறகு தூக்கக் கலக்கம், அப்புறம் எழுப்பினாலும் எழாத மயக்கம். தூரத்தில் இருப்பவனுக்கு எண்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவளுக்குக் கழுத்து தெரிகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் காறை எலும்புக்கு மேலே விழுகிற குழி தெரிகிறது.

பிப்ரவரி 7
91. தூங்கினார். நானும்.

பிப்ரவரி 10
கரண்ட் போய், காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் அலறியது. சிலிண்டருக்கு மாற்றினேன். இதை எழுதும்போதுதான் கை நடுங்குகிறது.

பிப்ரவரி 12
மார்ஃபின். பெயரைக் கேட்டதுமே அம்மா அழுதுவிட்டாள். "அது கடைசியில குடுக்கிறதாச்சே?" இல்லம்மா. இது ரொம்பச் சின்ன அளவு. நுரையீரல் நோயைக் குணமாக்க அல்ல, திணறுகிற உணர்வைத் தணிக்கத்தான். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் இன்றே மருந்து.

பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது நோயின் அவதியைத் தணிக்கும் பராமரிப்பைப் பார்ப்பவர், கையில் பிடிக்கிற சின்ன ஃபேன் ஒன்றும் வாங்கச் சொன்னார். மூக்கிலும் கன்னத்திலும் காற்றுப் பட்டால் திணறல் குறைவாகத் தோன்றுமாம். சாயங்காலம் அப்பா மேசைமேல் முன்னால் சாய்ந்து, ஃபேனை முகத்துக்கு நேரே பிடித்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதிக்கொண்டே இருந்தார். அடங்கிவிட்டது. பார்த்தேன், அதே 88! முகம்தான் வேறு.

பிப்ரவரி 15
மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பேசினார்.
"வென்டிலேட்டர்... வேண்டாம்மா. மாஸ்க்... வரைக்கும் சரி. மூச்சு... முட்ட விட்டுடாதே."
டாக்டர் முன்னாலும் இதைச் சொல்ல வேண்டும், எழுதி வைக்க வேண்டும், அண்ணனும் கேட்க வேண்டும். பேச முடிகிற நாளில் சொன்னாரே. கோபம் கோபமாக வருகிறது, யார்மேல் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 16
காதுக்குப் பின்னால் குழாய் உரசிப் புண். பஞ்சு வைத்தாயிற்று. மூக்கு வறட்சிக்கு வாசலின் கூடாது, ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கலாம். எண்ணெய் இல்லாத, தண்ணீரில் செய்த ஜெல் மட்டும்.

பிப்ரவரி 19
அண்ணன் வந்துவிட்டான். வந்ததும் ஆக்சிமீட்டரைத்தான் தேடினான். "அது வேண்டாம்டா" என்றார் அப்பா. நாளெல்லாம் தூக்கம். சாப்பாடு வேண்டாம் என்கிறார், வற்புறுத்தவில்லை, உதட்டை மட்டும் நனைக்கிறோம். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீள்கிறது. நர்ஸிடம் கேட்டேன். "அவதிப்பட்டால் நெற்றி சுருங்கும், அதைப் பாருங்கள்" என்றார். சுருங்கவில்லை. அண்ணனும் வந்து பார்த்தான்.

பிப்ரவரி 20
இன்றிரவு அண்ணன் முறை. மருந்து நேரம், தலையணை எத்தனை, ஃபேன் எந்தப் பக்கம், எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2 மணிக்கு என்னை எழுப்ப வேண்டும்.