விலாப்புறம் மரத்திருந்த மூன்று நாட்கள்

வலது நுரையீரலைச் சுற்றிக் கட்டிய சீழ் தடித்த உறையாகப் படிந்துவிட்டதால், விலாவைத் திறந்து அதை உரித்தெடுக்க வேண்டும் என்று சென்ற ஆண்டு மருத்துவர்கள் கூறினார்கள். அறுவையைவிட அதற்குப் பின்வரும் வலியே என்னை அச்சுறுத்தியது. முந்தைய நாள் மாலை என்னைப் பார்க்க வந்த மயக்க மருத்துவர், "வலிக்குப் பயந்து நீங்கள் மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி தேங்கி நிமோனியா வந்துவிடும், நீங்கள் நன்றாக இருமுவதற்காகத்தான் முதுகில் போடும் இந்த மரப்பு ஊசி" என்றார்.

ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பையும் ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அந்த நரம்புகள் முதுகெலும்பிலிருந்து வெளிவரும் இடத்திலேயே மரப்பு மருந்தைச் செலுத்தினால், வெட்டுக்காயத்தின் வலிச்செய்தி தண்டுவடத்தை எட்டாது. 1905 முதலே அறியப்பட்ட முறை இது. தண்டுவட உறைக்கு வெளியே செலுத்தும் எபிடூரல் ஊசி பெரும்பாலும் இருபுறத்தையும் மரக்கச் செய்வதோடு இரத்த அழுத்தத்தைக் குறைக்கவும் சிறுநீர் கழிப்பதைத் தடுக்கவும் கூடும் என்பதால், ஒரு புறம் மட்டுமே வெட்டப்படும் எனக்கு இதுவே பொருத்தம் என்று அவர் விளக்கினார். வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், உதட்டில் மரப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே செவிலியரிடம் சொல்லும்படி எச்சரித்தார். மருந்து இரத்தத்தில் மிகுந்துவிட்டதற்கான அறிகுறிகள் அவை.

கண்விழித்தபோது முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பட்டை அளவு, தொட்டாலும் பிறர் உடலைத் தொடுவதுபோல் இருந்தது. ஆனால் வலது தோள்பட்டை தாங்க முடியாமல் வலித்தது. ஊசி பலிக்கவில்லை என்றே எண்ணிக் கலங்கினேன். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு கழுத்தில் பிறப்பது. அறுவையாலும் நீர் வடிவதற்காக வைத்த நெஞ்சுக் குழாயாலும் அது உறுத்தப்படும்போது வலி தோளில் தெரியும், விலாப்புற மரப்பு அங்கே எட்டாது என்று இரவுப் பணி மருத்துவர் சொன்ன பிறகுதான் மனம் அமைதியடைந்தது. பாராசிட்டமால் செலுத்தியபின் அந்த வலி மெல்லத் தணிந்தது. இதை முன்னரே யாராவது சொல்லியிருந்தால் அந்த முதல் இரவு எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

தலையணையைக் காயத்தின்மேல் அழுத்திக்கொண்டு இருமவும், மூன்று பந்துக் கருவியில் மூச்சை இழுக்கவும் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தார். இரண்டாம் நாளே இரண்டு பந்துகள் எழுந்தன. மூன்றாம் நாள் மாலை மரப்பு மருந்து செலுத்த முதுகில் வைத்திருந்த மெல்லிய குழாயை எடுத்தார்கள். மரப்பு விலகுவதற்குள் தரவேண்டிய வலி மாத்திரையை யாரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நள்ளிரவில் வலி முழு வேகத்தோடு வந்தது. மறுநாள் காலை ஒரு பந்தைக்கூட எழுப்ப முடியவில்லை. குழாயை எடுக்கும் முன்பே அடுத்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதை உடன் இருப்பவரிடமும் சொல்லிவையுங்கள்.

இழந்ததை மீட்க இரண்டு நாட்கள் ஆயின. மார்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்திருக்கிறது. அது ஊசியால் வந்ததன்று, விலாக்களை விரித்தபோது நரம்பு நசுங்கியதால் வந்தது என்கிறார் மருத்துவர். சட்டை உரசும்போது மட்டும் அங்கே ஊசி குத்துவதுபோல் இருக்கிறது.